சிப்பிப் படுகைகளில் பிடிப்பு வரம்பும் பரப்புச் சுழற்சியும்

(பெங்களூருவில் பொருளாதார மாணவர்களும் மீன்வளத் துறை அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில், இரு கடல்களுக்கும் நெடுந்தொலைவில் உள்ள பெங்களூருவில் சிப்பியைப் பற்றி ஓர் உரை நிகழ்வது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் கர்நாடகக் கடற்கரையின் கழிமுகங்களில் எந்த மாதத்தில் எவ்வளவு மட்டி அள்ளலாம் என்பதை முடிவு செய்ய வேண்டிய கோப்புகள் இந்நகரிலேதான் இருக்கின்றன. நமது அரசியலமைப்பின்படி மீன்பிடி மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. ஆட்சிக் கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடி மட்டுமே மத்தியப் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. கர்நாடகக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1986-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எனவே பொறுப்பு எவருடையது என்பதில் ஐயமில்லை.

பெங்களூருவுக்கு இப்பொருளோடு வேறொரு தொடர்பும் உண்டு. உத்தர கன்னட மாவட்டத்தில் கும்டாவுக்கு அருகே அரபிக்கடலில் கலக்கும் அகநாசினி ஆற்றின் கழிமுகத்தில் கிடைக்கும் மட்டிகளின் பொருளாதார மதிப்பை இந்நகரின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2008-ஆம் ஆண்டையொட்டி வெளியான அம்மதிப்பீட்டின்படி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 22,000 டன் மட்டி அங்கு எடுக்கப்பட்டது. அதன் மதிப்பு ஐந்தே முக்கால் கோடி ரூபாய்க்கும் மேல். இத்தொழிலில் ஈடுபட்டோர் 2,300 பேருக்கு மேற்பட்டோர். அணை எதுவும் மறிக்காமல் ஓடும் அந்த ஆற்றின் கழிமுகம் 2024-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. பட்டியலில் சேர்ந்துவிட்டதால் மட்டி பெருகிவிடாது. ஓராண்டில் எவ்வளவு எடுக்கலாம், எந்தப் பகுதியிலிருந்து எடுக்கலாம், எந்தப் பகுதியை எத்தனை காலம் தொடாமல் விட்டுவைக்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காண வேண்டியிருக்கிறது.

இடம்பெயரா உயிரின் கணக்கு

மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் கூட்டமாக இடம்பெயர்பவை. இன்று மங்களூருக்கு எதிரே உள்ள கூட்டம் நாளை கோவாவுக்கு எதிரே இருக்கலாம். அவற்றுக்குப் பிடிப்பு வரம்பு விதிப்பதென்றால் கடற்பரப்பு முழுவதையும் ஒரே கிடங்காகக் கொள்ளவேண்டும். சிப்பியோ விழுந்த இடத்திலேயே வளர்ந்து, அங்கேயே மடிவது. ஸ்காலப் எனப்படும் விசிறிச் சிப்பி ஓடுகளை அடித்துச் சிறிது தூரம் நீந்தக்கூடியதாயினும், ஒரு திட்டைவிட்டு மற்றொரு திட்டுக்குக் குடிபெயர்வதில்லை. ஆகவே ஒரு படுகையில் விட்டுவைத்தது அங்கேயே இருக்கும். வயலில் விளைந்து நிற்கும் கதிரைப் போன்றே அதைக் கருதலாம். ஆனால் வேலி மட்டும் கிடையாது.

இதன் பொருளாதார விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு திட்டில் 100 சிப்பிகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் 10 கிராம் இறைச்சி உள்ளது எனக் கொள்வோம். இன்று எடுத்தால் ஒரு கிலோ. ஓராண்டு விட்டுவைத்தால் 10 சிப்பிகள் இயற்கையாக மடிகின்றன. எஞ்சிய 90 ஒவ்வொன்றும் 16 கிராமாக வளர்கின்றன. கிடைப்பது 1,440 கிராம். காத்திருந்ததன் வட்டி 44 விழுக்காடு. பெரிய சிப்பிக்குக் கிலோவுக்கான விலையும் கூடுதல் என்பதைச் சேர்த்தால் இலாபம் இன்னும் உயரும். சில ஆண்டுகள் கழிந்தபின் வளர்ச்சி தளர்ந்து இறப்பு மிகும்; அப்போது காத்திருப்பது நட்டத்தில் முடியும். வட்டி விகிதம் எங்கே வங்கி வட்டிக்குக் கீழே இறங்குகிறதோ அங்கே அறுவடை செய்யவேண்டும் என்பது பொருளாதார மாணவர் எவருக்கும் எளிதில் விளங்கும்.

ஆனால் இக்கணக்கு காத்திருப்பவருக்கே பலன் சேரும் என்ற உறுதியின்மீது நிற்கிறது. படுகை எல்லோருக்கும் பொதுவாயிருந்து, தான் விட்டுவைத்ததை மறுநாள் மற்றொருவர் அள்ளிச் செல்வார் என்றால் 44 விழுக்காடு வட்டி ஏட்டுச் சுரைக்காயே. பரப்புச் சுழற்சி என்பது இந்த உறுதியை உண்டாக்கும் ஏற்பாடு. படுகையைப் பகுதிகளாகப் பிரித்து, சிறு சிப்பிகள் மிகுந்த பகுதியை மூடி, அவை வளர்ந்தபின் திறந்து, வேறொன்றை மூடுவார்கள். ஆண்டுப் பிடிப்பு வரம்பு இதனோடு இணையவேண்டிய மற்றொரு பாதி. வரம்பு மட்டும் இருந்து சுழற்சி இல்லாவிடில், அத்தனை படகுகளும் அண்மையிலுள்ள ஒரே திட்டில் கூடி, சிறிதும் பெரிதுமாக வாரிக்கொண்டு வரம்பை நிரப்பிவிடும். மொத்த எடை சரியாக இருக்கும், திட்டு பாழாகும்.

அட்லாண்டிக் கரையின் பாடம்

இம்முறை முழு வடிவம் பெற்றது அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில். அது வந்த விதம் சற்றே வேடிக்கையானது. 1994 டிசம்பரில் ஜார்ஜஸ் கடல்திட்டிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் மூன்று பெரும் பரப்புகள் மூடப்பட்டன. மூடியது விசிறிச் சிப்பிக்காக அன்று. அருகிவந்த காட் முதலிய அடிமட்ட மீன்களைக் காப்பதற்காக. கடலடியில் இரும்புச் சட்டத்தையும் வளைய வலையையும் இழுத்துச் செல்லும் சிப்பிப் படகுகளும் அதனால் வெளியேற்றப்பட்டன. காட் மீன் எதிர்பார்த்தபடி மீளவில்லை. சிப்பிகளோ தொந்தரவின்றி வளர்ந்தன. 1998-ல் கணக்கெடுத்தபோது மூடிய பகுதியில் சிப்பியின் எடை நான்கு ஆண்டுகளுக்கு முன்னிருந்ததைப்போலப் பலமடங்காகியிருந்தது. 1999-ல் ஒரு பகுதி வரம்புடன் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு முதல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாக ஆய்வாளர்கள் மீனவர்களின் படகுகளிலேயே சென்று, ஒளிப்படக் கருவி பொருத்திய சட்டத்தைக் கடலடியில் இறக்கிச் சிப்பிகளை எண்ணத் தொடங்கினர்.

தற்செயலாகக் கண்டது 2004-ல் விதியாயிற்று. அவ்விதியின் உள்ளுறை பொருளாதார மாணவர்களின் கவனத்திற்கு உரியது. ஒரு பரப்பில் உள்ள சிப்பியின் எடை ஓராண்டில் 30 விழுக்காட்டுக்கு மேல் வளரக்கூடும் எனில் அதை மூடலாம். 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் திறந்துவிடலாம். இரண்டுக்கும் இடைப்பட்டால் கட்டுப்பாட்டுடன் பிடிக்கலாம். மேலே கண்ட வட்டிக் கணக்குத்தான் இது. 1998-ல் ஏறத்தாழ 5,600 டன்னாக இருந்த இறைச்சி அளவு 2004-ல் 29,000 டன்னைத் தாண்டியது. நியூ பெட்ஃபோர்ட் துறைமுகம் மதிப்பின் அடிப்படையில் அந்நாட்டின் முதல் மீன்பிடித் துறைமுகமாக உயர்ந்ததற்கும் இச்சிப்பியே காரணம்.

2006-ல் அந்நாட்டு மீன்வளச் சட்டம் திருத்தப்பட்டு ஆண்டுப் பிடிப்பு வரம்பு கட்டாயமாக்கப்பட்டது. விசிறிச் சிப்பிக்கு அது 2011-ல் நடைமுறைக்கு வந்தது. வரம்பு ஒரே எண்ணாக வானிலிருந்து இறங்குவதில்லை. இதற்குமேல் எடுத்தால் இருப்பு அழியும் என்ற அளவு முதலில் கணிக்கப்படுகிறது. கணிப்பில் இருக்கக்கூடிய பிழைக்காக அதிலிருந்து கொஞ்சம் கழிக்கப்படுகிறது. இதைச் சொல்வது அறிவியல் குழு, அதை மீற நிர்வாகக் குழுவுக்கு உரிமை இல்லை. கண்காணிப்பில் நேரும் ஓட்டைகளுக்காக மேலும் ஒரு பங்கு கழிகிறது. எஞ்சியதே படகுகளுக்கு. நம் நாட்டு அலுவலர்கள் இதில் கவனிக்கத்தக்கது வரிசை முறையை. எண்ணிக்கை முதலில், கழிவு அடுத்து, பங்கீடு கடைசியில். பங்கீட்டில் தொடங்கி எண்ணிக்கைக்குப் பின்னோக்கிச் செல்லும் பழக்கம் எத்தனையோ துறைகளில் உண்டு.

இம்முறை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்லிவிடவும் இயலாது. 2019-ல் 27,000 டன்னையொட்டி இருந்த பிடிப்பு அடுத்த நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாக இறங்கியது. பெருமளவில் குஞ்சுகள் வந்து படியும் நல்ல ஆண்டு இடையில் வாய்க்கவில்லை. சுழற்சியால் வந்த குஞ்சை வளர்க்கலாம். வராத குஞ்சை வரவழைக்க முடியாது.

ஜப்பானியர் இதற்கும் ஒரு வழி கண்டனர். ஹொக்கைடோ தீவின் ஒகோட்ஸ்க் கடற்கரையில் கூட்டுறவுச் சங்கங்கள் கடலடியை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியில் நட்சத்திர மீன்களை அகற்றி, ஓராண்டு வளர்த்த குஞ்சுகளை விதைக்கின்றன. விதைத்த பகுதி மூன்றாண்டு கழித்து அறுவடைக்கு வருகிறது. இதைப் பார்த்து நியூசிலாந்தின் தென்தீவு வடகரையில், தாஸ்மன், கோல்டன் வளைகுடாக்களில் 1989-ஐ ஒட்டிக் குஞ்சு விடுத்தலும் பரப்புச் சுழற்சியும் தொடங்கின. உரிமையாளர்களே 1994-ல் ஒரு நிறுவனம் அமைத்து நிர்வகித்தார்கள். நூல்களில் முன்மாதிரியாகக் காட்டப்பட்ட ஏற்பாடு அது. ஆயினும் 2000-க்குப் பின் பிடிப்பு சரிந்தது. 2016-17 பருவத்தில் அப்படுகைகள் மூடப்பட்டன. நிலத்திலிருந்து வந்து படியும் வண்டல், வாரியிழுக்கும் கருவிகள் கடலடியைக் கலைத்தது முதலிய பல காரணங்கள் கூறப்படுகின்றன. இரு நாடுகளிலும் முறை ஒன்றே. கடலடி ஒன்றாக இருக்கவில்லை.

மன்னார்ப் பார்கள்

மேலைநாட்டு எடுத்துக்காட்டுகளைக் கேட்கும்போது, இவை நமக்குப் புதியவை என்ற எண்ணம் எழுதல் கூடும். தமிழ்நாட்டுக்கு அவ்வாறு இல்லை. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் எண்ணிப் பார்த்தல், மூடி வைத்தல், வரம்பு விதித்துத் திறத்தல் ஆகிய மூன்றும் நூற்றாண்டுக் கணக்கில் நடைபெற்று வந்தன. கொற்கை முத்தின் புகழை இங்கு விரிக்க வேண்டியதில்லை. நிர்வாக முறையே இங்குப் பொருள்.

தூத்துக்குடிக்கு எதிரே கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தொலைவில் தொலையிரம் பார் முதலிய பார்கள் இருக்கின்றன. மறுகரையில், இலங்கையின் மன்னார்ப் பகுதியில், சேவல் பார், பெரிய பார், முத்துவரத்துப் பார் முதலியன உள்ளன. ஒவ்வொரு பாருக்கும் பெயரும் எல்லையும் உண்டு. அரசுப் படகு பார்களின்மேல் சென்று குளியாட்களை இறக்கும். ஒரு முழுக்கில் எத்தனை சிப்பி கிடைக்கிறது, அவற்றின் வயதென்ன என்பதைக் குறித்துக்கொண்டு, பாரின் பரப்பைக்கொண்டு பெருக்கி மொத்த இருப்பை மதிப்பிடுவார்கள். சிப்பிகள் முதிர்ந்திருந்தால் சில ஆயிரத்தைக் கரைக்குக் கொணர்ந்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வணிகர்களைக்கொண்டு விலை மதிப்பார்கள். மதிப்பு போதாதெனில் அவ்வாண்டு குளிப்பு இல்லை. போதுமெனில் இத்தனை படகு, இத்தனை நாள் என்று வரையறுத்து அறிவிப்பு வெளியாகும். எடுத்த சிப்பியில் அரசுக்கு மூன்றில் இரு பங்கு, குளியாட்களுக்கு ஒரு பங்கு என்பது பிற்காலத்து வழக்கம். கருவிகளைத் தவிர்த்துப் பார்த்தால் 2004-ஆம் ஆண்டின் அமெரிக்க விதிக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு மிகுதியில்லை.

ஆசை வரம்பை மீறியபோது நேர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆங்கிலேயர் இலங்கைக் கரையை 1796-ல் கைப்பற்றியதும், அதற்குமுன் பல ஆண்டுகள் குளிப்பின்றி நிறைந்திருந்த பார்களைக் குத்தகைக்கு விட்டு மூன்றாண்டுகள் தொடர்ந்து குளிக்கச் செய்தனர். புதிய ஆட்சிக்குப் பெரும்பணம் வந்தது. 1799-ல் வருவாய் கடுமையாக வீழ்ந்தது. பார்கள் ஓய்ந்துவிட்டன.

காத்திருத்தலின் மறுபக்கமும் அங்கே உண்டு. முத்துச் சிப்பி நான்கு முதல் ஐந்து வயதில் எடுக்கத்தக்கது. ஆறு வயதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பாரிலேயே மடிந்து, முத்தும் மணலில் கலந்துவிடும். ஓராண்டு தாமதித்த அதிகாரி முழு விளைச்சலையும் இழந்துவிட நேரும். எனவே மூடுவதைப் போலவே உரிய நாளில் திறப்பதும் நிர்வாகியின் கடமையாயிற்று.

இலங்கையில் 1891-க்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் குளிப்பு நடைபெறவில்லை. காரணம் அறிய லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902-ல் அழைக்கப்பட்டார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையில் நெடுங்காலம் பணியாற்றியவர். பெரிய பாரைப் பற்றி ஹெர்ட்மன் தந்த செய்தி இன்றும் சிந்திக்கத்தக்கது. 1880 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் பதினொரு முறை அந்தப் பாரில் கோடிக்கணக்கான குஞ்சுகள் வந்து படிந்தன. ஒருமுறைகூட ஒரு குளிப்பு கிடைக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நேரே, ஆழம் திடீரெனச் சரியும் விளிம்பில் அமைந்த பார் அது. ஒவ்வொரு முறையும் குஞ்சுகளை அலை அடித்துச் சென்றது அல்லது மணல் மூடியது. அத்தகைய பாரை எத்தனை ஆண்டு மூடி வைத்தாலும் பயனில்லை. அங்கே படியும் குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களில் பெயர்த்து நடவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பெயர்த்து நடும் உழவரின் முறை அது.

பரிந்துரை முழுமையாக நிறைவேறுமுன் நிர்வாகம் கைமாறியது. 1903 முதல் நல்ல குளிப்புகள் நடந்தன. 1905-ல் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த உச்சத்தைக் கண்டு 1906-ல் ஒரு தனியார் நிறுவனம் இருபது ஆண்டுக்கு, ஆண்டுக்கு ரூ.3,10,000 வீதம், பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின; சில ஆண்டுகளில் நிறுவனம் கலைந்தது. விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறக்கூடிய படுகைக்கு மாறாத குத்தகை விதித்தால், குத்தகைதாரர் விளையாத ஆண்டிலும் வாடகையை ஈட்டியாக வேண்டும். ஓய்வு கொடுக்க அவருக்கு ஊக்கமே இராது. எடுத்ததில் பங்கு என்ற பழைய முறை, ஓய்வாண்டில் அரசும் குளியாளும் ஒருங்கே காத்திருக்கும்படி செய்தது. ஏலக் குத்தகையை எளிய வழியாகக் கருதும் அலுவலர்கள் இந்த வேறுபாட்டை மனத்திற்கொள்வது நலம்.

இந்தியக் கரையில் 1926 முதல் 1928 வரை குளிப்பு நடந்தது. பின்னர் 1955 வரை இல்லை. 1955 தொடங்கி 1961 வரை ஆண்டுதோறும் நடந்தது. 1961-ல் நடந்ததே கடைசி. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்கள் ஓய்ந்திருக்கின்றன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973-ல் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டது. 1981-ல் குஞ்சு பொரிப்பிலும் வெற்றி கண்டது. பொரித்த குஞ்சுகளைப் பார்களில் விட்டும் பார்த்தது. வளைகுடாவின் தீவுப் பகுதி 1986-ல் கடல் தேசியப் பூங்காவாயிற்று. இருந்தும் மீண்டும் ஒரு குளிப்புக்குரிய இருப்பு சேரவில்லை. 1960-களுக்குப் பின் பெருகிய இழுவலைப் படகுகள், மணல் நகர்வு, சூரன் என்று குளியாட்கள் அழைக்கும் சிறு மட்டியின் பரவல், சிப்பி தின்னும் திருக்கையும் கிளாத்தியும் எனக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. குளிப்பை நிறுத்துவது வேறு, பாரை மூடுவது வேறு என்பது இதிலிருந்து தெரிகிறது. சிப்பி எடுப்போரை விலக்கிவிட்டு, அதே பாரின்மேல் பிற வலைகள் செல்ல விட்டால் அது ஓய்வாகாது.

இதே கடலில் சங்கு குளிப்பில் வேறொரு வரம்பு இருந்தது. குறுக்களவு ஏறத்தாழ இரண்டே கால் அங்குலத்துக்குக் குறைந்த சங்குகளை அளவு வளையத்தில் இட்டுப் பார்த்து, உயிரோடு கடலில் திருப்பிவிடுவது வழக்கம். எண்ணிக்கை வரம்பை விட இதைக் கண்காணிப்பது எளிது. ஒரு வளையமும் ஒரு நேர்மையான ஊழியரும் போதும்.

அஷ்டமுடியில் நடந்தது

அண்மைக்கால இந்திய அனுபவங்களில் நிறைவு தருவது கொல்லம் மாவட்டத்து அஷ்டமுடிக் காயலின் மட்டித் தொழில். 1980-களில் வெளிநாட்டு ஏற்றுமதி தொடங்கியதும் பிடிப்பு விரைந்து ஏறி 1991-ல் 10,000 டன்னைத் தொட்டது. 1993-க்குள் பாதியாகக் குறைந்தது. அவ்வாண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைப்படி கட்டுப்பாடுகள் வந்தன: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இனப்பெருக்கக் காலத்தில் தடை, வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, கிலோவுக்கு 1,400-க்கு மேற்பட்ட துண்டுகள் கொண்ட சிறு இறைச்சி ஏற்றுமதிக்கு ஏற்கப்படாது, இயந்திரத்தால் வாருவது கூடாது. பிடிப்பு மீண்டது. 2014 நவம்பரில் கடல்வள மேலாண்மைக் குழுவின் சான்று இத்தொழிலுக்குக் கிடைத்தது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடித் தொழில் இதுவே.

நான்கு விதிகளுள் ஏற்றுமதி அளவு பற்றியதே மிகத் திறமையானது. காயலில் ஆயிரக்கணக்கான தோணிகளை நிறுத்திச் சோதிப்பது இயலாத செயல்; சில பதப்படுத்தும் கூடங்களின் வாயிலில் எண்ணிப் பார்ப்பது இயலும். வாங்குவோர் இல்லையெனில் சிறு மட்டியை அள்ளுவோரும் இல்லை. கட்டுப்பாட்டை எந்த இடத்தில் வைத்தால் செலவு குறையும் என்ற கேள்விக்கு அங்கே நல்ல விடை கிடைத்தது.

அகநாசினிக்குப் பொருத்துவது எப்படி?

ஜார்ஜஸ் திட்டுக்கு வகுத்த விதியை அகநாசினியில் அப்படியே புகுத்த இயலாது. குளிர்ந்த கடலின் விசிறிச் சிப்பி முதிர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். வெப்பக் கழிமுகத்தின் மட்டியோ ஓராண்டுக்குள் அல்லது அதையொட்டி விற்பனை அளவை அடைந்துவிடுகிறது. எனவே சுழற்சியின் காலத்தை ஆண்டுகளில் வகுக்காமல் மாதங்களில் வகுக்கலாம். இது நிர்வாகிக்குப் பெரிய வாய்ப்பு. மூன்றாண்டு காத்திருக்கச் சொன்னால் எந்தக் குடும்பமும் இணங்காது. நான்கைந்து மாதம் ஒரு மணல்திட்டை விட்டுவைத்து அடுத்த திட்டில் அள்ளிக்கொள்ளச் சொன்னால் இணங்கும்.

நீர் வற்றும் வேளையில் கூடையுடன் இறங்கிக் காலால் துழாவிக் கையால் எடுப்போரில் பெண்கள் பலர். அன்றன்று எடுத்ததை அன்றன்று விற்று அரிசி வாங்கும் குடும்பங்கள் அவை. அவர்களுடைய கால வட்டி வங்கி வட்டியன்று. நாளைய 44 விழுக்காட்டை விட இன்றைய ஒரு கூடையே அவர்களுக்குப் பெரிது. அதில் பேதைமை எதுவும் இல்லை. ஆகையால் கழிமுகம் முழுவதையும் ஒரே நேரத்தில் மூடும் ஆணை, ஏட்டில் எவ்வளவு ஒழுங்காகத் தோன்றினாலும், முதல் வாரத்திலேயே மீறப்படும். ஊருக்கு ஊர் திட்டுகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, எப்போதும் சில திறந்திருக்கும்படி முறைவைப்பதே நடக்கக்கூடியது. பிரிக்கும் வேலையைப் பெங்களூருவில் வரைபடத்தின்மேல் செய்ய முடியாது. ஒவ்வொரு திட்டுக்கும் உள்ளூரில் ஒரு பெயர் இருக்கும். மன்னார்ப் பார்களைப் போல அப்பெயர்களே எல்லைகளுக்கு அடிப்படையாக வேண்டும்.

மூடும் மாதங்களைத் தெரிவதில் ஓர் எச்சரிக்கை தேவை. கர்நாடகக் கழிமுகங்களில் ஜூன் மாதம் மழைவெள்ளம் புகுந்து நீரின் உப்பு குறையும்போது மட்டிகள் பெருமளவில் மடிவது கண்டறியப்பட்டுள்ளது. மேற்குக் கரையில் இயந்திரப் படகுகளுக்கு ஜூன், ஜூலை இரு மாதமும் தடைக்காலம். அதனோடு ஒத்திசைக்கும் எண்ணத்தில் ஏப்ரல், மே மாதங்களில் முதிர்ந்த திட்டுகளை மூடிவைத்தால், காத்த செல்வம் முழுவதும் வெள்ளத்தில் மடியும். ஆறு வயதைத் தாண்டிய முத்துச் சிப்பியின் கதையே மீண்டும் நடக்கும். முதிர்ந்த திட்டுகள் மழைக்கு முன் திறந்திருக்கவேண்டும். குஞ்சுத் திட்டுகளும் வெள்ளம் குறைவாகத் தாக்கும் திட்டுகளும் மூடியிருக்கவேண்டும். எவை அத்தகையவை என்பதை அள்ளுவோரிடம் கேட்டறிவதே விரைவான வழி. வெள்ளம் அடிக்கும் திட்டிலிருந்து குஞ்சுகளை முன்கூட்டியே பெயர்த்து நடுவதும் முயலத்தக்கது. கூடையும் தோணியும் அவர்களிடமே இருக்கின்றன.

மணல் அள்ளுவதும் இறந்த ஓடுகளைச் சுண்ணாம்புக்காகத் தோண்டுவதும் மூடிய திட்டில் நடவாதபடி பார்ப்பது வேறு துறைகளின் பொறுப்பில் வருகிறது. மட்டி அள்ளும் பெண்ணைத் தடுத்துவிட்டு மணல் தோணியைத் தடுக்காத அதிகாரி, அடுத்த ஆண்டு எந்த ஆணையையும் அந்த ஊரில் படித்துக் காட்ட இயலாது. மீன்வளத் துறையும் சுரங்கத் துறையும் மாவட்ட ஆட்சியரின் மேசையில் ஒரே வரைபடத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

பிடிப்பு வரம்பின் எண் எதுவாக இருக்கலாம் என்று அலுவலர்கள் கேட்பது இயல்பு. மேலே கூறிய 22,000 டன்னை எடுத்துக்கொண்டு அதில் இத்தனை விழுக்காடு என்று எழுதிவிடலாம் எனச் சிலர் எண்ணக்கூடும். அந்த எண் எடுக்கப்பட்டதன் மதிப்பீடு. படுகையில் உள்ளதன் மதிப்பீடாகாது. எவ்வளவு நெல் சந்தைக்கு வந்தது என்பதைக்கொண்டு வயலில் எவ்வளவு விதைநெல் மிஞ்சியது எனச் சொல்லிவிட முடியாது. மேலும் அம்மதிப்பீடு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இருப்பை எண்ணும் வேலை இன்னும் பெரும் செலவுடையதும் அன்று. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மரச்சட்டம் ஒன்று, அள்ளியதைச் சலிக்க ஒரு சல்லடை, எடை பார்க்க ஒரு தராசு, நீளம் அளக்க ஓர் அளவுகோல், குறிக்க ஒரு பதிவேடு. மழைக்கு முன் ஒருமுறையும், மழைக்குப் பின் குஞ்சு படிந்ததும் ஒருமுறையும், ஒவ்வொரு திட்டிலும் இருபது இடங்களில் சட்டத்தை வைத்து எண்ணினால் போதும். இரு கல்லூரி மாணவர்களும் அந்தத் திட்டில் வழக்கமாக அள்ளும் இருவரும் சேர்ந்து ஒரு வற்றுநீர் வேளையில் ஒரு திட்டை முடிக்கலாம். சட்டத்தைக் கும்டாவின் எந்தத் தச்சரும் அரை நாளில் செய்து தருவார்.